முதலில் வடிகட்டு, பிறகு காய்ச்சு

ஜூன் 11, செவ்வாய்

இந்த வீட்டில் குழாயைத் திறந்தால் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். என் மருமகள் தாரணி. முழுகாமல் இருக்கிறாள், இரண்டு மாதம். மசக்கையில் சாம்பார் வாசம் ஆகாதவர்களைப் பார்த்திருக்கிறேன். பூண்டு ஆகாதவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வாசம் ஆகாத ஒருத்தியை இந்த அறுபத்தோரு வயதில் இப்போதுதான் பார்க்கிறேன். தண்ணீருக்கு ஏது வாசம்?

நான் வேலுவை வயிற்றில் வைத்துக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் கோகோ மேட்ச் நடத்தியவள். பி.டி. டீச்சர் உலகம்மாள் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. வாயில் விசில், காலில் கேன்வாஸ் ஷூ. எனக்கு மயக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

பதினைந்து நாள் கூட இருந்து பார்த்துக்கொள்ளம்மா என்று வேலு கூப்பிட்டான். அவன் அப்பா போனபிறகு ஊரில் எனக்கும் பெரிதாக வேலை இல்லை. சென்னைக்கு ரயில் ஏறினேன். வந்து பார்த்தால் தாரணி கொடியில் காயப்போட்ட துணி மாதிரி கிடக்கிறாள். நேற்று டிரிப் ஏற்றி அனுப்பினார்கள். டாக்டர் ஜெசிந்தா நல்ல மனுஷிதான், ஆனால் வாயைத் திறந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறார்.

"உடம்புல தண்ணியே இல்லம்மா. லேசா உதிரப்போக்கு வேற இருக்கு. உள்ள இருக்கிற குழந்தை தங்கணும்னா இவ தண்ணி குடிக்கணும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள வாய் வழியா தண்ணி இறங்கலைன்னா அட்மிட் பண்ணிடுவேன். வெளியூர்ப் பயணம் மட்டும் கூடவே கூடாது."

சாயங்காலம் சம்பந்தியம்மா பூங்கொடி கோயம்புத்தூரிலிருந்து போன் போட்டார். "என்ற புள்ள சிறுவாணித் தண்ணி குடிச்சு வளந்தவளுங்க சம்பந்தியம்மா. உங்கூருத் தண்ணி அவளுக்கு ஒத்துக்காதுங்க. நான் காரெடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயர்றேனுங்க."

உங்கூராம்! எங்கூர்த் தண்ணீர் தாமிரபரணி. ஒரு கை அள்ளிக் குடித்தால் சாப்பாடே வேண்டாம். இந்தச் சென்னை எப்போது என் ஊரானது? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "பயணம் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

ஜூன் 13, வியாழன்

எலுமிச்சை பிழிந்தேன், வாந்தி. புதினா போட்டேன், வாந்தி. கேன் தண்ணீர் வரவழைத்தேன். "பிளாஸ்டிக் வாசம் வருதுங்க அத்தை" என்றாள். குழாய்த் தண்ணீரைத் தளதளவென்று காய்ச்சி ஆற்றிக் கொடுத்தேன். "ப்ளீச்சிங் பவுடரைக் காய்ச்சின மாதிரி இருக்குங்க அத்தை" என்றாள். நானும் மோந்து பார்த்தேன். லேசாக இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஊரே குடிக்கிறது, யாரும் ஓடவில்லை.

சுவரில் மாட்டும் ஃபில்டர் மெஷின் வாங்கலாம் என்றால் வீட்டுக்காரர் டைல்ஸில் ஆணி அடிக்கக்கூடாது என்கிறார். ஆணி அடித்தால் வீட்டைக் காலி செய்யவேண்டுமாம்.

கடைசியாக என் வழிக்கு வந்தேன். ஒரு விசில், ஒரு மடக்கு. மூன்றாவது விசிலில் வேலு என் கையைப் பிடித்துக்கொண்டான். "எம்மா, இது அசெம்பிளி இல்லம்மா."

விசிலைப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

இன்று ஒரு பார்சல் வந்தது. தாரணி படுத்தபடியே போனில் வரவழைத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஏன், நான் கொடுக்கும் தண்ணீருக்கு என்ன கேடு?

பிரித்தால் ஒரு பிளாஸ்டிக் ஜக்கு. அதற்குள் இன்னொரு ஜக்கு உட்கார்ந்திருக்கிறது. நடுவில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு குப்பி, அதற்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். உள்ளே கரித்தூளாம். மேலே ஊற்றினால் கரி வழியாக இறங்கிக் கீழே சேருமாம். கரண்டும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். "பழைய மண்பானைல மணலும் கரியும் போட்டு வடிகட்டுவாங்களே, அதே கததான?" என்றேன். "அதேதாங்க அத்தை, கொஞ்சம் விலை ஜாஸ்தி" என்றாள். வந்த நாளாக அவள் பேசிய முதல் நல்ல வாக்கியம் அது.

குப்பியை ஊறவைத்தாள். பிறகு முதல் ஜக்கு வடித்து அப்படியே கொட்டப் போனாள். இரண்டாவதையும் கொட்டவேண்டுமாம். எனக்கு வந்ததே கோபம்! "ஏட்டி, தண்ணிய வாங்கித் தண்ணிய கொட்டுதியே, ஒனக்கென்ன கிறுக்கா?" என்று பிடுங்கிக்கொண்டுபோய் பால்கனிக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். கரித்தூள் போவதற்காகக் கொட்டுவார்களாம். செடிக்குக் கரி நல்லதுதான்.

மூன்றாவது ஜக்கிலிருந்து கால் தம்ளர் ஊற்றினாள். மோந்தாள். இன்னொரு தரம் மோந்தாள். குடித்தாள். நாங்கள் மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாந்தி வரவில்லை.

சாயங்காலம் இன்னொரு கால் தம்ளர். அதுவும் தங்கியது. தற்செயலாகவும் இருக்கலாம்.

ஜூன் 16, ஞாயிறு

மற்றவர்கள் எழுந்திருக்கும் முன் எழுந்தேன். ஜக்கு நல்லதுதான், ஆனால் பச்சைத் தண்ணீர் பச்சைத் தண்ணீர்தானே? பிள்ளைத்தாய்ச்சிக்கு எங்கள் பக்கம் சீரகத் தண்ணீர்தான் கொடுப்போம். பித்தம் தணியும். ஒரு கை சீரகம் போட்டு நன்றாகக் காய்ச்சினேன். பொன்னிறத்தில் இறங்கியது, வீடு மணத்தது. சூடாகவே ஜக்கில் ஊற்றினேன். இரண்டு நன்மையும் சேர்ந்து கிடைக்கட்டும் என்றுதான்.

ஒரு வேடிக்கை. மேலே பொன்னிறம், கீழே வெறும் தண்ணீர். மோந்து பார்த்தால் சீரகம் ஊருக்குப் போய்விட்டது. குடித்துப் பார்த்தேன். சீரகம் கிடையவே கிடையாது. ஒரு கை சீரகத்தையும் அந்தக் குப்பி முழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறது. சீரகத்தையே முழுங்குகிறது என்றால் ப்ளீச்சிங் பவுடர் எம்மாத்திரம்? அந்த நிமிஷம்தான் எனக்கு அந்த ஜக்கின்மேல் ஒரு மரியாதை வந்தது.

கொஞ்ச நேரத்தில் சொட்டுவது நின்றுவிட்டது.

ஏழு மணிக்குத் தாரணி வந்து ஊற்றிக் குடித்தாள். முழுங்கும்போதே முகம் மாறியது. பாத்ரூம் வரை போகவில்லை. இன்று முழுக்க வாந்தி நிற்கவே இல்லை, முந்தின நாள் குடித்த கஞ்சிவரை வந்துவிட்டது. மத்தியானம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுபடி டிரிப்.

கார்ட்ரிட்ஜ் மட்டமான சரக்காக இருக்கும் என்று வேலுவிடம் சொன்னேன். பிளாஸ்டிக்தானே.

ஜூன் 17, திங்கள்

ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோம். தாரணி தூங்குகிறாள். கையில் ஊசி குத்தின இடம் நீலமாகக் கிடக்கிறது. அந்தக் கை எவ்வளவு சின்னது!

பூங்கொடியம்மா போனில் ஒரே அழுகை. "சனிக்கிழமை வந்தர்றேனுங்க. என்ன ஆனாலுஞ் செரி, என்ற புள்ளயக் கூட்டிட்டுப் போறேனுங்க. தண்ணியில்லாத ஊட்ல வெச்சு சாகடிக்க முடியாதுங்க." போனை வேலுவிடம் கொடுத்துவிட்டேன். நான் பேசினால் சண்டையாகும். அந்தம்மாவுக்கு ஒரே பெண்.

டாக்டர் வந்தபோது வராந்தாவில் மறித்துக்கொண்டேன். ஜக்கைப் பற்றிக் கேட்டேன்.

"நல்லதுதாம்மா. குழாய்த் தண்ணில நம்ம பாதுகாப்புக்குத்தான் குளோரின் போடறாங்க. அந்த வாசத்தைத்தான் ஜக்கு எடுக்கும். ஆனா கிருமியக் கொல்லாது. அதனால கர்ப்பிணிக்குக் காய்ச்சித்தான் கொடுக்கணும்."

"காய்ச்சித்தானே ஊத்தி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "முதல்ல வடிகட்டுங்க. அப்புறம் காய்ச்சுங்க. ஜக்குல எப்பவும் பச்சைத் தண்ணிதான். சூடு பட்டா கரி பிடிச்சு வெச்சதையெல்லாம் திரும்பத் தண்ணில விட்டுடும். வெள்ளிக்கிழமைதான் கடைசி. குழந்தை இன்னும் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கு. அதுக்கு நாம கொஞ்சம் உதவி பண்ணணும்."

முதலில் வடிகட்டு. பிறகு காய்ச்சு.

ஜூன் 18, செவ்வாய்

காலையிலேயே கிளம்பிவிட்டேன். எங்கே என்று வேலு கேட்டான். கோயிலுக்கு என்றேன். பழைய குப்பியை ஒரு துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் ஆள் பாத்திரக்கடைக்காரன். குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது பொம்மையாம்மா?" என்றான். இரண்டாவது கடையில் சுவரில் மாட்டும் மெஷினைத்தான் என் தலையில் கட்டப் பார்த்தார்கள். மூன்றாவது ஆள், "இதெல்லாம் ஆன்லைன்லதாம்மா, நாலு நாள்ல வந்துரும்" என்றான். நாலு நாளா? இருப்பதே மூன்று நாள்! பஸ் மாறி, ஆட்டோ மாறி, கடைசியில் ஒரு பெரிய கடையில் சமையல் சாமான் வரிசைக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். அதே ஜக்கு, அதே குப்பி. அங்கேயே "ஆஹா!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போன அம்மாள் பயந்து ஒதுங்கினாள். மூன்று குப்பி வாங்கினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். எந்தெந்தத் தேசத்துப் பாஷையிலோ எழுதியிருக்கிறான், தமிழ் இல்லை. ஆனால் படம் போட்டிருக்கிறான். ஆவி பறக்கும் ஒரு தம்ளர். அதன்மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி.

இறங்கவேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன். காலையில் சாப்பிடாமல் வந்ததால் இருக்கும்.

ஜூன் 19, புதன்

தாரணி வீட்டுக்கு வந்துவிட்டாள். சமையலறை இனி என் மைதானம். வேலுவுக்கு உள்ளே அனுமதி இல்லை.

புதுக் குப்பியை ஊறவைத்தேன். படத்தில் உள்ளபடி குலுக்கினேன். இரண்டு ஜக்கு வடித்துக் கறிவேப்பிலைக்கு. மூன்றாவதை அடுப்பில் ஏற்றிக் காய்ச்சி, ஆற்றி, தம்ளரில் கொண்டுபோனேன். மோந்தாள்.

"ரசம் வாசம் வருதுங்க அத்தை."

"ரசமா? ரசத்துக்கும் இதுக்கும் என்னட்டி சம்பந்தம்?"

திரும்பிப் போய் அந்தப் பாத்திரத்துக்குள் தலையை விட்டு மோந்தேன். ஆமாம்! ரசம்தான்! எத்தனை வருஷத்து ரசமோ! பாலுக்கு வைத்த பாத்திரத்தில் பால் வாசம். இன்னொன்றில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு. இந்தப் பெண் சும்மா சொல்லவில்லை. இவள் மூக்கு போலீஸ் நாய்க்குக் கூடக் கிடையாது. நான்தான் இத்தனை நாள் கேட்கவில்லை.

கீழே கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு எவர்சில்வர் பாத்திரம், ஒரு தம்ளர், ஒரு மூடி வாங்கினேன். சோப்பு போடாமல் வெந்நீரிலேயே மூன்று முறை கழுவினேன். இந்தப் பாத்திரத்தில் வேறு எதுவும் ஏறக்கூடாது, வேறு யாரும் தொடக்கூடாது. வடிகட்டினேன், காய்ச்சினேன், மூடி ஆறவைத்தேன், ஃபிரிட்ஜில் வெங்காயம், மீன், எலுமிச்சை எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டு அந்தத் தட்டில் இது மட்டும்.

தாரணி மோந்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் மோந்தாள்.

"என்ன வாசம்?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க அத்தை." அவள் கண்ணில் தண்ணீர். "ஒரு வாசமும் இல்லீங்க."

ஒரு மடக்கு. முழுத் தம்ளர் வேண்டாம், ஒரே ஒரு மடக்குதான் என்று சொல்லிவிட்டேன். ஓடுகிற பிள்ளையை முதல் நாளே மாரத்தானில் விடுவோமா? கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மடக்கு. போலாம், இன்னும் கொஞ்சம் போலாம் என்று பொழுது சாய்கிறவரை போனோம்.

நடுவில் அவள் கேட்டாள்: "அத்தை, அந்த விசில் எங்கீங்க?"

"பெட்டிக்குள்ள கெடக்கு. ஒம் மாப்பிள்ளதான் ஊதக்கூடாதுன்னுட்டான்."

"எனக்கு நேரம் தெரியறதில்லீங்க. தூங்கிடறேன். மெதுவா ஊதுங்க."

மெதுவாக ஊதினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு மெதுவாக அந்த விசிலை ஊதியதில்லை.

ஜூன் 20, வியாழன்

இன்று முழுத் தம்ளர். ஒரே மூச்சில். அவளாகக் கேட்டாள்!

"அத்தை, தாகமா இருக்குங்க."

தாகம்! ஏ அப்பா, அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை நாளாகத் தவம் கிடந்தேன்! ஊற்றினேன். குடித்தாள். தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள், ஒரு சொட்டு இல்லை. உட்கார்ந்து காத்திருந்தோம். சுவர்க் கடிகாரம் ஓடுகிறது, வேலு நகத்தைக் கடிக்கிறான். வாந்தி இல்லை. அரை மணி. இல்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமுங்களா?" என்றாள்.

பால்கனிக்குப் போய் விசிலை எடுத்து என் பலம் கொண்ட மட்டும் ஊதினேன். மாவட்டப் போட்டியில் எங்கள் பெண்கள் ஜெயித்தபோதுகூட அப்படி ஊதவில்லை. காவலாளி தடியோடு ஓடி வந்தார். எதிர்வீட்டு நாய் ஊளையிட்டது. மூன்றாம் மாடிக்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, திருடனா?" என்றார்.

"எம் மருமவ தண்ணி குடிச்சுட்டா!" என்று கத்தினேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கையைத் தட்டினார்.

ஜூன் 21, வெள்ளி

அட்மிஷன் இல்லை! உதிரப்போக்கு நின்றுவிட்டது. ஸ்கேனில் இதயத் துடிப்பைக் கேட்கவைத்தார்கள். குடுகுடுவென்று, நூறு மீட்டர் ஓட்டக்காரி மாதிரி. தாரணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலுவின் கை இன்னொரு பக்கம் சும்மாதான் இருந்தது.

"யாரு பாத்துக்கிட்டது?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க அத்தைங்க" என்றாள் தாரணி. "என்னோட கோச்."

ஆஸ்பத்திரியில் கண் எரிகிறது. ஃபினாயில் அதிகமாகப் போடுகிறார்கள்.

ஜூன் 22, சனி

பூங்கொடியம்மா வந்துவிட்டார். அவரும் டிரைவரும், பின்சீட்டில் இரண்டு பெரிய கேன். கேன் நிறையச் சிறுவாணித் தண்ணீர். அதை வீட்டுக்குள் கொண்டுவந்த தோரணையைப் பார்க்கவேண்டும், தேர் வருகிற மாதிரி.

கோனியம்மன் கோயில் குங்குமத்தைப் பெண்ணுக்கு வைத்துவிட்டு, அதே வேகத்தில் சிமிழை என் பக்கம் நீட்டியவர் சட்டென்று கையை மடக்கிக்கொண்டார். முகம் சிவந்துபோயிற்று. பாவம், வேண்டுமென்று செய்யவில்லை. எனக்கும் ஆறு வருஷமாகப் பழகிவிட்டது.

"கண்ணு, பாரு, நம்மூர்த் தண்ணி. குடி சாமி" என்று கேனிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். தாரணி அம்மா முகத்துக்காகச் சிரித்தபடியே வாங்கினாள். மூக்குக்குப் பக்கத்தில் போனதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வெயிலில் அத்தனை தூரம் காரில் வந்த கேன். பிளாஸ்டிக் வாசம் அடிக்காமல் என்ன செய்யும்? தம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பூங்கொடியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நம்மூர்த் தண்ணியே ஆகாமப் போச்சுங்களே. சிறுவாணியே ஆகாமப் போச்சுங்களே." சண்டைக்கு வந்த மனுஷி, குழந்தை மாதிரி அழுகிறார்.

நான் ஜெயித்துவிட்டேன். எங்கள் வீட்டுத் தண்ணீர்தான் தங்கியது, உங்கள் சிறுவாணி தங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்காகப் பன்னிரண்டு நாளாக வாக்கியம்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

ஜக்கு காலியாக இருந்தது. கேனைச் சாய்த்து அதில் ஊற்றினேன்.

"என்ன பண்றீங்க சம்பந்தியம்மா?"

"கண்ணத் தொடச்சுட்டு இங்க வாங்க. கேன் வாசத்த இது முழுங்கிரும். தண்ணி ஒங்க தண்ணிதான்."

இரண்டு பேரும் சமையலறையில் நின்று சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் பாத்திரத்தை முதல்முறையாக இன்னொருத்தர் கையில் கொடுத்தேன். அவரே காய்ச்சினார், அவரே விசிறி ஆற்றினார். நான் மூடியை மட்டும் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் தாரணி மோந்தாள். ஒரு மடக்கு குடித்தாள். இன்னொரு மடக்கு. பிறகு தம்ளரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, நம்ம ஊட்டுத் தண்ணி."

பூங்கொடியம்மா என்னைக் கட்டிக்கொண்டார். இந்தக் கொங்கு மனுஷர்களுக்குக் கட்டிக்கொள்வதென்றால் எலும்பு நொறுங்குகிறது.

ராத்திரிச் சாப்பாட்டில், "உங்க தாமிரபரணித் தண்ணியும் நல்லாருக்குமுன்னு கேள்விப்பட்டிருக்கேனுங்க" என்றார். கேள்விப்பட்டிருக்கிறாராம்! சரி, போகட்டும். பெண்ணை இங்கேயே விட்டுவிட்டுத் திங்கட்கிழமை கிளம்புகிறார். வீட்டுக்கு அதே மாதிரி ஒரு ஜக்கு வாங்கவேண்டுமாம், கடை எங்கே என்று கேட்டார். நானே கூட்டிப்போகிறேன் என்றேன்.

ஜூன் 25, செவ்வாய்

இன்று எனக்கு ஊருக்கு டிக்கெட். கேன்சல் செய்துவிட்டேன். கறிவேப்பிலைக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

ஜூலை 18, வியாழன்

புதுக் குப்பி மாற்றினேன். தாரணி சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்: "அத்தை, முதல் குப்பிய நீங்க சீரகத்துக்கா கொடுத்தீங்க?"

கை நின்றுவிட்டது. "ஒனக்கு யாரு சொன்னா?"

"மேல் ஜக்கு இடுக்குல ரெண்டு சீரகம் ஒட்டியிருந்துச்சுங்க. அன்னிக்கே பாத்துட்டேன்."

அன்றைக்கே பார்த்திருக்கிறாள். கையில் ஊசியோடு கிடந்தபோதும் தெரியும். வேலுவிடமும் சொல்லவில்லை, அவள் அம்மாவிடமும் சொல்லவில்லை.

"ஏம்ட்டி சொல்லல?"

"நீங்க மூணு குப்பி வாங்கிட்டு வந்து நின்னீங்களே, அப்புறம் என்னத்தைச் சொல்றதுங்க?"

நான் ஜக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஏற்கெனவே துடைத்த ஜக்குதான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மசக்கை போய்விட்டது. ரசமே ஊற்றிக் குடிக்கிறாள். ஆனாலும் தண்ணீர் மட்டும் அந்தத் தம்ளரில்தான். டிக்கெட்டை மறுபடி கேன்சல் செய்தேன். காரணம் எழுதத் தோன்றவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

இன்று வளைகாப்பு. இந்தச் சின்ன வீட்டில் இத்தனை பேர் எப்படி நின்றார்கள் என்றே தெரியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு வேன், அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வேன். தாரணி பச்சைப் பட்டுப்புடவையில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்கொள்ளாக் காட்சி. வழக்கப்படி நாளைக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாள். எனக்கும் நாளைக்குத்தான் ரயில். இந்தத் தடவை கேன்சல் செய்ய ஒரு காரணமும் இல்லை.

சடங்கு தொடங்கியதும் நான் சமையலறைக்கு வந்துவிட்டேன். நாற்பது பேருக்குத் தண்ணீர் வடிக்கவேண்டாமா? இந்த ஜக்கில் நாற்பது பேருக்கு வடிப்பது லேசா? அந்தக் கூட்டத்தில் எனக்கு வேறு வேலையும் இல்லை. வளையல் அடுக்கச் சுமங்கலிகள்தான் வேண்டும். அது எனக்குத் தெரியாதா? நானாக வந்தால் ஒன்றுமில்லை, யாராவது ஒதுங்கச் சொன்னால்தான் அசிங்கம். வாசல் திரையை இழுத்துவிட்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். மேலே ஊற்றுவேன், கீழே இறங்கும். மேலே ஊற்றுவேன், கீழே இறங்கும்.

அப்போது விசில் கேட்டது.

என் விசில். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. ஓடி வா என்பதற்கு நான் மைதானத்தில் ஊதுவது. முப்பது வருஷத்துப் பழக்கம், மூளை யோசிக்கும் முன்னால் கால் ஓடிவிட்டது. ஈரக் கையோடு நான் கூடத்து நடுவில் நிற்கிறேன், தாரணி நாற்காலியில் உட்கார்ந்தபடி விசிலை வாயிலிருந்து எடுக்கிறாள்.

"அத்தை, முதல் வளையல் நீங்க போடணுமுங்க."

"ஏட்டி, கூறுகெட்டவளே, நான் போடக்கூடாதுட்டி" என்றேன் மெதுவாக. "ஒங்கம்மா போடட்டும்."

அம்பாசமுத்திரத்து வரிசையில் முணுமுணுப்பு. என் நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பூங்கொடியம்மா எழுந்துவிட்டார். வளையல் தட்டைத் தூக்கி என் முன்னால் நீட்டினார். அன்றைக்குக் குங்குமச் சிமிழை நீட்டியபோது மடக்கியதுபோலக் கையை மடக்கவில்லை, நீட்டினது நீட்டினபடியே நின்றார்.

"புள்ளைக்கும் வவுத்துல இருக்கற உசுருக்கும் தண்ணி கொடுத்த கையுங்க இது. இதைவிட மங்களமான கை இந்தக் கூட்டத்துல யாருக்குங்க இருக்குது? இருந்தா முன்னால வரச்சொல்லுங்க பாக்கலாம்."

யாரும் வரவில்லை.

தாரணி கையை நீட்டினாள். அந்தச் சின்னக் கை. ஊசி குத்தி நீலமாகக் கிடந்த இடம் இப்போது எங்கே என்று தெரியவில்லை. பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்றை எடுத்தேன். என் கை ஈரமாக இருந்ததால் வழுக்கிக்கொண்டு சுலபமாக ஏறியது. இரண்டாவது. மூன்றாவது. வளையல் குலுங்கியதும் வயிறு ஒரு பக்கம் புடைத்தது. உள்ளே இருப்பது எட்டி உதைத்தது. எல்லாரும் பார்த்தார்கள், எல்லாரும் "ஓ" என்று கத்தினார்கள். வேலு ஓரமாக நின்று மூக்கை உறிஞ்சினான்.

நான் அழுதேன். ஃபினாயில் இல்லை, வெங்காயம் இல்லை, பசியும் இல்லை. நாற்பது பேர் முன்னால் நின்று நன்றாக அழுதேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

எல்லாரும் போனபிறகு பூங்கொடியம்மா என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டுபோய்த் தன் வண்டியில் வைத்துவிட்டார்.

"ரயில் எனக்கு அம்பாசமுத்திரத்துக்குங்க" என்றேன். அவர் பாஷை எனக்கும் ஒட்டிக்கொண்டது.

"அங்க என்னங்க வேலை? கோச் இல்லாம மேட்ச் நடக்குமுங்களா? தண்ணி யாரு வடிப்பாங்க?"

"ஒங்க வீட்லதான் சிறுவாணி வருதே. அதுக்கு வடிகட்டல் என்னத்துக்கு?"

"அப்ப வந்து சும்மா உக்காந்து குடிங்க. எப்புடித்தான் இருக்குதுன்னு பாருங்க."

பார்த்துவிடுவோம். தாமிரபரணி பக்கத்தில் நிற்கமுடியுமா என்று நானே குடித்து முடிவு சொல்கிறேன். ஜக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், காலையில் துண்டில் சுற்றிக் கடைசியாக வைக்கவேண்டும். விசில் தாரணியிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்கவில்லை.